மயக்கம் இல்லையென்றால் ஒன்றுமில்லையா?

பிரெஞ்சுப் பள்ளியில் மூளை அதிர்ச்சியைக் 'கொமோசியோன்' என்போம். உலுக்கல் என்று பொருள். பெரும்பாலும் ரத்தம் வராது, மயக்கமும் வராது. பெற்றோரும் பிள்ளைகளும் ஏமாறுவது அதனால்தான்.

2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது ஸாக்கரி லைஸ்டெட்டுக்குக் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடி. சற்று ஓய்ந்து மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் ரத்தக்கசிவு. பிழைத்தான், மறுபடி நடக்கப் பல ஆண்டுகள் ஆயின.

2009இல் அவன் பெயரால் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவத் தகுதியுள்ளவர் எழுதித் தந்தால்தான் திரும்ப ஆடலாம். அபாயங்களை விளக்கும் தாளில் ஆண்டுதோறும் பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.

குமாஸ்தாவாக எத்தனையோ கையெழுத்து வாங்கியவன் நான். படித்துப் போட்டவர்கள் குறைவு. பேரன் "ஒன்றுமில்லை தாத்தா" என்று எழுந்து ஓடினாலும், தலைவலி, வாந்தி, தடுமாற்றம் உண்டா என்று கவனியுங்கள்.