சோழியின் சந்ததி

சீன லிபியில் செல்வம், விலை, வாடகை, வரி, செலவு முதலிய லௌகிக விவகாரங்களைக் குறிக்கும் எழுத்துக்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர், அவற்றுள் பெரும்பாலானவற்றின் இடப்புறத்திலோ அடியிலோ, இரு சிறு கால்களின் மேல் நிற்கும் பெட்டி போன்ற ஓர் உருவம் திரும்பத் திரும்ப அமைந்திருக்கக் காண்பார். சீனர் 'பெய்' என்றும் ஜப்பானியர் 'கை' என்றும் வழங்கும் அந்தத் தலைக்குறி, நாம் சோழி என்றும் சித்த வைத்தியர் பலகறை என்றும் சொல்லும் பொருளின் சித்திரமே.

ஷாங் அரசர் காலத்து எலும்புச் சாசனங்களில் அது வாய் பிளந்த சோழியாகவே தெரிகிறது. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளடங்கிய அன்யாங்கில், 1976இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் ஏறத்தாழ 7000 சோழிகள் கிடைத்தன என்றால், அவை எத்துணை அருமையாகப் போற்றப்பட்டிருக்க வேண்டும்! சுமார் கி.பி. 100இல் தம் அகராதியை முடித்த ஷூ ஷென், முன்னோர் சோழியையே திரவியமாகக் கொண்டிருந்தனர் என்றும், சின் வம்ச ஆட்சியில் அது ஒழிந்து காசு வந்தது என்றும் எழுதிவைத்தார். சோழி புழக்கத்திலிருந்து மறைந்த பின்னரும் எழுத்தில் அதன் ஆதிக்கம் மறையவில்லை. வலைக்குக் கீழே சோழியை வைத்தால் 'வாங்கு'. பங்கிடுதலைக் குறிக்கும் எழுத்துக்குக் கீழே வைத்தால் 'வறுமை'. பாகப்பிரிவினை கண்ட குடும்பத்தாருக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

ஆயினும் அகராதிகளில் சோழி என்னும் தலைப்பின்கீழ் வகுக்கப்பட்ட எழுத்துக்கள் யாவும் ஒரே குலத்தின என்று கொள்வது பிழை. ஷூ ஷென் வகுத்த 540 தலைப்புகளை 1615இல் மெய் யிங்ட்ஸுவோ என்பவர் 214 ஆகச் சுருக்க, 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதியும் அம்முறையையே கைக்கொண்டு சோழிக்கு 154ஆம் இடம் தந்தது. தேடுவோர் சௌகரியமே அங்குப் பிரதானம், வம்சாவளி அன்று. குறி கேட்டலைச் சுட்டிய ஓர் எழுத்தில் சோழி போல் இருப்பது, உண்மையில் முக்காலி வெண்கலப் பாத்திரத்தின் தேய்ந்த வடிவம். கள்வனைக் குறிக்கும் எழுத்தையும் ஷூ ஷென் ஆயுதத்தைக் குறிக்கும் தலைப்பின்கீழேதான் வைத்திருந்தார். பின்வந்தோர்தாம் அவனைச் சோழிகளிடையே, பொக்கிஷத்துக்குள்ளேயே, குடியேற்றிவிட்டனர்! பௌத்த நூல்கள் பொறித்த ஓலையைச் சீனர் 'பெய்' இலை என்பதிலோ சோழிக்குச் சம்பந்தமே இல்லை; வடமொழிப் 'பத்ரம்' என்ற பதத்தின் ஒலிக்காக அவ்வெழுத்தை இரவல் வாங்கினர், அவ்வளவே. ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே சென்று, தலையைக் குறிக்கும் வேறொரு குறி இதனைச் சற்றே ஒத்திருந்தமையால் அதற்குப் 'பெருஞ்சிப்பி' என்றும் இதற்குச் 'சிறுசிப்பி' என்றும் பெயரிட்டுவிட்டனர்.

1956இல் சீன அரசு தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஏழு கோடுகளாலான சோழி நான்காகக் குறைந்தது. 'வாங்கு', 'விற்பனை' ஆகிய இரண்டிலிருந்தும் அடியோடு நீங்கியது. ஜப்பானியர் விற்பனையிலிருந்து மட்டும் அதனை நீக்கினர். வறுமையைக் குறிக்கும் எழுத்தில் இரு நாட்டாரும் அதனை இன்றளவும் விடவில்லை.