கூபி, பாகா: ஒரு நூற்றாண்டுக் கதையின் அனிமேஷன் வடிவம்

கொல்கத்தாவில் வெளிவந்த ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் 1915-ஆம் ஆண்டு உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி எழுதிய கதை ‘கூபி காயின் பாகா பாயின்’. சுருதி சேராத பாடகன் கூபியும் மேளக்காரன் பாகாவும் ஊரைவிட்டு விரட்டப்படுகின்றனர். காட்டில் பேய்கள் அளிக்கும் வரத்தால், கேட்போரை அசையவிடாமல் நிறுத்தும் இசை அவர்களுக்கு வாய்க்கிறது.

எழுத்தாளரின் பேரனான சத்யஜித் ராய் இக்கதையை 1969-இல் திரைப்படமாக்கினார். பின்னர், ‘கூபி கவையா பாகா பஜையா’ என்னும் பெயரில் இதனை இந்தி அனிமேஷன் படமாக ஷில்பா ரானடே இயக்கினார். இந்தியச் சிறுவர் திரைப்படச் சங்கம் தயாரித்த இப்படம், 2013-இல் டொராண்டோ சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. எனினும், இந்தியத் திரையரங்குகளுக்கு 2019-இல்தான் வந்தது. உலக விழாவில் இடம்பெற்ற சிறுவர் படமொன்று, சொந்த நாட்டுக் குழந்தைகளைச் சென்றடைய ஆறு ஆண்டுகள் காத்திருந்தது.