மீன்தொட்டியும் நத்தையும்

ஒசூரின் வண்ணமீன் கடைகளுக்குச் செல்வோர் மீனைப் பார்ப்பர், செடியைப் பார்ப்பர். கண்ணாடியில் ஒட்டியபடி பாசியைச் சுரண்டும் நத்தை அவர்களுக்கு வெறும் அலங்காரம். மீன்தொட்டியின் வரலாற்றிலோ அதன் இடம் பெரிது.

1849 மே மாதம். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கலமொன்றில் மணலும் சேறும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியாச் செடி நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும். செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும். நீரை மாற்றவே வேண்டாம். இதுதான் அவர் கணக்கு.

கணக்கு பாதிதான் பலித்தது. பழுத்த இலைகள் அழுகின. பச்சைப் பாசி படர்ந்து நீர் கலங்கியது. இயற்கைக் குளங்களில் இதை யார் சீர்செய்கிறார்கள் என்று யோசித்தவர், ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு இரையாயின! 1850இல் லண்டன் வேதியியல் கழகத்தில் இதை அவர் அறிவித்தார். 'அக்வேரியம்' என்னும் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஃபிலிப் ஹென்றி காஸின் நூல் வெளிவந்தது 1854இல்தான். பெயர் பரவுமுன்பே நத்தை உள்ளே வந்துவிட்டது.

ஆனால் ஐந்தாறு நத்தைகள் தெளிவித்தது, அந்தக் கலத்துக்குள்ளேயே உண்டான அழுக்கை. ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில், பெங்களூருவின் கழிவுநீரும் சலவைத்தூளும் கலந்த தென்பெண்ணை வெண்ணுரையாய்ப் பொங்குவதை இவ்வூரார் பலமுறை கண்டிருக்கின்றனர். அந்த நீரை ஒரு குடம் முகந்து மீன்தொட்டியில் ஊற்ற எனக்குத் துணிவில்லை.