அப்பதோனாவுக்காக அழுதவர்கள்

1748ஆம் ஆண்டில், லைப்சிக் நகரத்து இளம் எழுத்தாளர் சிலர் நடத்தி வந்த ஜெர்மானிய இதழொன்று, ஆசிரியர் பெயர் குறிக்காமல் ஒரு காப்பியத்தின் முதல் மூன்று சருக்கங்களை வெளியிட்டது. காப்பியத்தின் பெயர் ‘மெசியா’. இயற்றியவர் பிரீட்ரிக் காட்லிப் கிளாப்ஸ்டாக் என்னும் இறையியல் மாணவர். அந்த ஆண்டில் அவருக்கு வயது 24. நான்காம், ஐந்தாம் சருக்கங்கள் 1751இல் வந்தன. 1755இல் பத்துச் சருக்கங்கள் நிறைந்தன. அடுத்த ஐந்துக்கு 1768 வரையிலும், இறுதி ஐந்துக்கு 1773 வரையிலும் வாசகர் காத்திருக்க நேர்ந்தது. சருக்கங்கள் 20, அடிகள் ஏறத்தாழ 20,000, ஆண்டுகள் 25. முதற்பகுதியைப் பதினாறு வயதில் படித்த பெண்ணொருத்தி முடிவைப் படிக்கும்போது நாற்பதைக் கடந்திருப்பாள்.

ஜெர்மானிய இலக்கிய வரலாற்று நூல்கள் இக்காப்பியத்தைப் பெரும்பாலும் கவிஞரின் பக்கம் நின்றே பேசுகின்றன. இயைபுத் தொடைக்குப் பழகிய ஜெர்மன் செவிக்கு, இயைபற்ற, ஆறு சீர்கொண்ட கிரேக்க அடியை அவர் கொண்டு வந்தார் என்பதும், பிற்காலக் கவிதைக்கு அது வழிதிறந்தது என்பதும் உண்மையே. ஆயினும், பகுதி பகுதியாக வந்த ஒரு நூலைப் படித்தோர் அதன் இடைவெளிகளில் என்ன செய்தனர் என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. யாப்பு வரலாற்றினும் அது சுவையானது.

‘மெசியா’ ஒரு வழிநூல். இயேசுவின் பாடுகள், மரணம், உயிர்த்தெழுதல் என்னும் கதை நற்செய்தி நூல்களுக்குரியது. அக்கதையைச் சுற்றி வானதூதர் கூட்டத்தை நிரப்பும் துணிவு, ‘சுவர்க்க நீக்கம்’ எனத் தமிழ் வாசகர் அறிந்த மில்டனின் காப்பியத்திலிருந்து வந்தது. அதனைச் சூரிச் நகரப் பேராசிரியர் போட்மர் 1732இல் ஜெர்மன் உரைநடையில் பெயர்த்திருந்தார். பள்ளி மாணவராக இருந்தபோதே கிளாப்ஸ்டாக் அதில் தோய்ந்தார். மில்டனில் அப்தியேல் என்றொரு தேவதூதன் உண்டு. சாத்தானின் கலகக் கூட்டத்தில் தனியொருவனாய் எதிர்த்து நின்று, இறைவன் பக்கம் திரும்பியவன் அவன். அவனுக்கு இணைபிரியாத் தோழன் ஒருவன் இருந்து, அத்தோழன் மட்டும் தடுமாறிச் சாத்தானுடன் போயிருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவனே அப்பதோனா. பிறர் படைத்த மாந்தரை எடுத்துத் தம் போக்கில் வளர்த்தெழுதுவதை இன்று ‘ரசிகர் புனைவு’ என்று சற்றே இளக்காரமாகச் சொல்வதுண்டு. மில்டனின் ரசிகர் ஒருவரே இங்கே காப்பியக் கவிஞரானார் என்பது அந்த இளக்காரத்தைச் சற்றுத் தயங்கச் செய்ய வேண்டும்.

வீழ்ந்த தூதருள் மனம் வருந்துபவன் அப்பதோனா ஒருவனே. இரண்டாம் சருக்கத்தில், நரகத்தின் அவையில் மெசியாவைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கும்போது எழுந்து எதிர்க்கிறான். பிறகு வெளியேறும் வழியில் காவல் நிற்கும் அப்தியேலைக் காண்கிறான். பழைய தோழன் இவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் சருக்கத்தில் கெத்செமனே தோட்டத்து வேதனையை ஒளிந்து நின்று பார்க்கிறான். ஒன்பதாம் சருக்கத்தில் ஒளிபெற்ற தூதனைப்போல் உருமாறிச் சிலுவையை நெருங்கி, அங்கும் அப்தியேலைக் கண்டு அஞ்சி ஓடுகிறான். அவனுக்கு மன்னிப்பு உண்டா? 1748 முதல் வாசகர் கேட்ட கேள்வி இதுதான். அவனைக் காப்பாற்றும்படி கவிஞரை வேண்டினர். கூடாது என்று வேறு சிலர் எச்சரித்தனர்.

இந்த வேண்டுகோளை வெறும் மென்னெஞ்சரின் உருக்கம் என்று தள்ளிவிடலாகாது. லூத்தரன் திருச்சபையின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பேய்களின் தண்டனைக்கு ஒருநாள் முடிவுண்டு என்று கற்பிப்போரைத் தன் 17ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கண்டித்திருந்தது. ஆகவே அப்பதோனாவுக்குப் பரிந்து பேசிய இல்லத்தரசியும் மாணவனும், தாம் அறிந்தோ அறியாமலோ, ஞாயிறுதோறும் அமர்ந்த திருச்சபையின் கோட்பாட்டுக்கு எதிரே நின்றனர். முறையான வாதமாக எழுதியிருந்தால் கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கும் ஓர் எண்ணம், ஒரு கதைமாந்தனுக்காக விட்ட கண்ணீராய் வந்தபோது தடுப்பார் இல்லாமல் பரவிற்று.

இளையோரை ஈர்த்தது அப்பதோனா மட்டுமன்று. நான்காம் சருக்கத்தில் ஒரு காதல் வருகிறது. இயேசு உயிர்ப்பித்த யவீருவின் மகளுக்குச் சித்லி என்றும், நாயீன் ஊர் விதவையின் மகனுக்குச் செமிதா என்றும் கவிஞர் பெயர் சூட்டி, ஒருமுறை இறந்து மீண்ட அவ்விருவரையும் காதலராக்கினார். சித்லியோ தன் வாழ்வு கடவுளுக்கே உரியது என எண்ணி ஒதுங்குகிறாள். நற்செய்தியில் பெயரும் இல்லாத இருவருக்குக் காதல் கற்பித்தது பக்தியா, துணிச்சலா என்று பெரியோர் விவாதித்தனர். கவிஞர் தம் உறவுப்பெண் மரியா சோபியா ஷ்மிட்டிடம் கொண்ட, கைகூடாத காதலே அதற்குள் இருப்பதை நண்பர்கள் அறிந்திருந்தனர். 1750ஆம் ஆண்டுக் கோடையில் மாக்டெபர்க் நகரில் பெண்கள் சூழ்ந்திருக்கக் காப்பியப் பகுதிகளைப் படித்ததையும், அவர்கள் கண்ணீர் விட்டதையும் அவர் கடிதத்தில் மகிழ்ந்து எழுதினார். அதே கோடையில் சூரிச் சென்றபோது, வானதூதர்களைப் பாடியவர் வானதூதர் போலவே இருப்பார் என்று எதிர்பார்த்த போட்மர், மதுவும் படகுப் பயணமும் பெண்களுடன் விளையாட்டுப் பேச்சும் விரும்பிய ஓர் இளைஞரைக் கண்டு மனம் கசந்தார். வாசகரின் ஏமாற்றமும் வாசக வரலாற்றில் ஒரு பகுதிதானே!

ஹாம்பர்க் நகரத்து மெத்தா மோலர் இவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர். தோழி ஒருத்தியின் வீட்டில், கூந்தலைச் சுருட்டப் பயன்படுத்திய தாள் துண்டுகளில் ‘மெசியா’வின் அடிகளைக் கண்டு, துண்டுகளை ஒட்டிப் படித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மெத்தா தாமே பின்னாளில் எழுதிய கடிதத்தில் கூந்தல் தாள் இல்லை. ஓர் இரவில் காப்பியத்தைப் படித்து மனம் நெகிழ்ந்ததாகவும், மறுநாள் கவிஞரின் நண்பரிடம் ஆசிரியர் யாரென்று கேட்டதாகவும், பெயரைக் கேட்டபோதே காதல் கொண்டுவிட்டதாகவும் மட்டுமே எழுதுகிறார். கதையினும் இந்தக் கடிதமே நம்பத் தக்கது. அழகும் இதற்கே மிகுதி. கோபன்ஹேகன் செல்லும் வழியில் 1751 ஏப்ரலில் ஹாம்பர்க் வந்த கிளாப்ஸ்டாக்கை மெத்தா சந்தித்தார். 1754 ஜூனில் திருமணம் நடந்தது. தம் காதற் பாடல்களில் கவிஞர் மெத்தாவை அழைத்த பெயர் சித்லி. காப்பியத்தின் காதற்பகுதியைப் படித்தவர் அக்காதலியின் பெயருக்கே உரியவரானார்.

மேற்கண்ட கடிதம் ஆங்கிலத்தில், லண்டன் நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு எழுதப்பட்டது. 1757இலும் 1758இலும் மெத்தா அவருக்கு எழுதிய மடல்கள், 1804இல் ரிச்சர்ட்சனின் கடிதத் தொகுப்பில் அச்சேறின. கணவர் எழுதும்போது தாம் அதே அறையில் கைவேலையுடன் ஓசையின்றி அமர்ந்திருப்பதையும், புதிதாய்ப் பிறந்த அடிகளை அவர் படித்துக்காட்டித் தம் குறைகூறலைப் பொறுத்துக்கொள்வதையும் ஒரு மடல் கூறுகிறது. அச்சுக்கு முந்திய முதல் வாசகர் என்னும் இடம் இது. மெத்தா அதனோடு நிற்கவில்லை. இறந்தோர் இருப்போருக்கு எழுதும் கடிதங்களையும், ஆபேலின் மரணம் பற்றிய நாடகத்தையும் எழுதினார். 1758 நவம்பர் 28 அன்று மகப்பேற்றில் அவர் இறந்த பின், 1759இல் கணவர் அவற்றை நூலாக்கினார். மெத்தா அச்சில் கண்டவை பத்துச் சருக்கங்களே. அப்பதோனாவின் முடிவு அச்சேற அவர் இறந்து 15 ஆண்டுகள் ஆயின.

ரிச்சர்ட்சனின் பெயர் இங்கே வருவது தற்செயலன்று. 1747-48இல் மூன்று தவணையாக வந்த அவருடைய ‘கிளாரிசா’ நாவலின் நாயகியைச் சாகவிட வேண்டாம் என்று வாசகியர் மன்றாடினர். பிராட்ஷா சீமாட்டி புனைபெயரில் கடிதம்மேல் கடிதமாக எழுதினார். அவருடைய சகோதரி எக்லின் சீமாட்டி தம் விருப்பப்படி மாற்று முடிவொன்றையே எழுதி வைத்தார். அது அச்சானது 20ஆம் நூற்றாண்டில்தான். ரிச்சர்ட்சன் இணங்கவில்லை, கிளாரிசா இறந்தாள்.

ஜெர்மனியில் ‘மெசியா’ வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதைக் கதேயின் தன்வரலாறு காட்டுகிறது. இயைபில்லாத செய்யுள் செய்யுளே அன்று என்பது அவர் தந்தையின் கொள்கை. குடும்ப நண்பர் ஒருவரோ ஆண்டுதோறும் பாடுகளின் வாரத்தில் முதல் பத்துச் சருக்கங்களைத் தனித்திருந்து படிப்பவர். அவர் நூலைத் தாயாரிடம் மறைவாகக் கொடுக்க, கதேயும் தங்கை கொர்னேலியாவும் அதனை மனப்பாடம் செய்தனர். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை மாலை, தந்தைக்கு முகச்சவரம் நடக்கையில், பிள்ளைகள் இருவரும் கணப்படுப்பின் பின்னால் சாத்தானும் அத்ரமெலேக்கும் ஒருவரையொருவர் சபிக்கும் பகுதியைத் தாழ்குரலில் சொல்லிக்கொண்டிருந்தனர். உணர்ச்சி மிகுந்து கொர்னேலியா திடீரென உரக்கக் கூவிவிட, நாவிதர் திடுக்கிட்டுச் சோப்புக் கிண்ணத்தைத் தந்தையின் மார்பில் கவிழ்த்துவிட்டார். விசாரணை நடந்தது, நூல் மீண்டும் தடை செய்யப்பட்டது. 1811இல் அச்சான இந்தப் பக்கங்களில் கதே சிரித்தாலும், ஆறு சீரடி தம் உடம்பில் ஏறிய விதத்தை அவர் மறைக்கவில்லை.

அரசவையிலும் வாசகர் இருந்தனர். பாரிசில் டென்மார்க்கின் தூதராக இருந்த பெர்ன்ஸ்டார்ஃப் முதல் மூன்று சருக்கங்களைப் படித்துப் பரிந்துரைத்ததால், மன்னர் ஐந்தாம் பிரடெரிக் கவிஞருக்கு ஆண்டுக்கு 400 தாலர் உதவித்தொகை அளித்துக் கோபன்ஹேகனுக்கு அழைத்தார். தரங்கம்பாடிக் கோட்டையில் டேனியக் கொடி பறந்த காலம் அது. அங்கு வந்த கொடியும் இங்கே காப்பியக் கவிஞருக்குச் சோறிட்ட கையும் ஓர் அரசுக்கே உரியவை. காப்பியத்தை முடிப்பதற்கென்றே அளித்த தொகை இது. ஆனால் முடிக்கத்தான் இருபது ஆண்டுக்கு மேலாயின.

எதிர்ப்பும் இருந்தது. காட்ஷெட்டின் அணியினர் ‘சேராபீன் பாட்டு’ என்று எள்ளினர். அவ்வணியைச் சேர்ந்த ஷோனைக் 1754இல் ஓர் அகராதி வடிவில் கேலிநூலே எழுதினார். கிளாப்ஸ்டாக்கைப் புகழ்வோர் பலர், படிப்போர் சிலர் என்னும் பொருள்பட லெஸ்ஸிங் ஒரு குறும்பாட்டு எழுதினார். அது அறிஞர் உலகுக்குப் பொருந்தலாம். கணப்படுப்புக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளை லெஸ்ஸிங் அறியார்.

1773இல் வெளிவந்த 19ஆம் சருக்கத்தில், இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய ஆதாமின் காட்சியில், அப்பதோனா மன்னிக்கப்படுகிறான். இது வாசகருக்குப் பணிந்ததா, கவிஞர் தொடக்கத்திலேயே கருதியதா? இரண்டாகப் பிரித்துக் கேட்பதே பொருந்தாது. தண்டனைக்குரியவனை அத்துணை அன்புடன் படைத்த கை மன்னிப்பை முன்பே தன்னுள் கொண்டிருந்தது. விசுவாச அறிக்கைக்கு எதிராக அதனை எழுதும் துணிவுக்கு, 25 ஆண்டுகளாக அழுதோர் துணை நின்றனர். ரிச்சர்ட்சனின் மறுப்பு கலைக்கு நேர்மையானது எனப் போற்றப்படுகிறது. கிளாப்ஸ்டாக்கின் இணக்கம் அதனினும் தாழ்ந்ததன்று.

ஆனால் முடிவு வந்தபோது வரவேற்பு பழையபடி இல்லை. கேள்வி இருந்தவரை காத்திருந்தவர்கள், விடை கிடைத்ததும் கலைந்தனர். மறு ஆண்டே கதேயின் ‘வெர்தர்’ வெளிவந்து இளையோரின் கண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அந்நாவலிலும், இடிமழை ஓய்ந்த வேளையில் லோத்தே கிளாப்ஸ்டாக்கின் பெயரைச் சொல்ல, வெர்தருக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாகிறது. அங்கே நினைக்கப்படுவது காப்பியமன்று, ஒரு தனிப்பாடல். காப்பியம் உயிரோடிருந்தது செவிவழியேதான். 1774இல் ஆக்ஸ்பர்க் நகரில் கவிஞர் ஷூபார்ட் பொதுமக்கள் முன் ‘மெசியா’வைப் படித்துக் காட்டியபோது, கட்டணம் கொடுத்துக் கேட்கக் கூட்டம் திரண்டது. விசுவாச அறிக்கை எழுதப்பட்ட அதே ஆக்ஸ்பர்க்!

கிளாப்ஸ்டாக் 1803 மார்ச் 14 அன்று ஹாம்பர்க்கில் இறந்தார். மார்ச் 22 அன்று பெருந்திரள் மக்கள் ஊர்வலமாக உடன்வர, அருகிலுள்ள ஒட்டென்சன் தேவாலயத்துக்கு உடல் கொண்டு செல்லப்பட்டது. 12ஆம் சருக்கத்திலிருந்து, லாசருவின் சகோதரி மரியாளின் மரணப் பகுதி அங்கே உரக்கப் படிக்கப்பட்டது. அடக்கம் மெத்தாவின் அருகில் நிகழ்ந்தது. மெத்தாவின் கல்லறைக் கல்லில் முன்பே ‘மெசியா’வின் அடியொன்று செதுக்கப்பட்டிருந்தது. அது 11ஆம் சருக்கத்து அடி. அவர் அச்சில் காணாத சருக்கம்.