எதிர்வீரசிங்கம், நாகலிங்கம்

எதிர்வீரசிங்கம், நாகலிங்கம் (1934–2024): இலங்கைத் தமிழ்த் தடகள வீரர்; ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்கு முதல் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற இவரது துறை உயரம் பாய்தலாகும். ஒற்றைக் காலால் எம்பிக் குறுக்குக் கோலை வீழ்த்தாமல் கடக்க வேண்டிய இப்போட்டியில், ஒருவர் தொடர்ந்து மூன்று முறை தவறினால் விலக்கப்படுவார். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளில் இலங்கையின் சார்பில் போட்டியிட்ட இவர், 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீட்டர் உயரத்தைக் கடந்து தங்கமும், 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், கல்வித்துறையிலும் பணியாற்றினார்.