போட்டுப் பார்க்கும் உரிமை

1963-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் ஓர் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங்கும் உள்ளூர் கறுப்பினத் தலைவர்களும், மறுபக்கம் நகரத்தின் வெள்ளை வியாபாரிகள். ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த போராட்டம், ஆயிரக்கணக்கான கைதுகள், பள்ளிப் பிள்ளைகள் மீது ஏவப்பட்ட போலீஸ் நாய்கள், தீயணைப்புக் குழாய்கள்... இத்தனைக்கும் பிறகு வந்த உடன்பாடு அது.

அதன் முதல் அம்சம் என்ன தெரியுமா? ஓட்டுரிமை அல்ல. பள்ளிக்கூடம் அல்ல. போராட்டம் நின்ற மூன்று நாட்களுக்குள், கடைகளில் துணி போட்டுப் பார்க்கும் அறைகளில் (நம் ஊரில் ட்ரையல் ரூம் என்கிறோமே, அதுதான்) நிறப் பாகுபாடு நீக்கப்படும் என்பதே! கழிப்பறைகளிலும் குடிநீர்க் குழாய்களிலும் இருந்த பலகைகள் அகல்வதும், சாப்பாட்டுக் கவுண்டரில் சேர்ந்து உட்காருவதும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

ஒரு ட்ரையல் ரூமுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதைப் புரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

விலைச்சீட்டு கொடுத்த வாக்குறுதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் நல்ல துணிக்கடைக்குள் சும்மா நுழைந்து பார்க்க முடியாது. நுழைந்தால் வாங்க வேண்டும். விலையும் ஆளைப் பார்த்துத்தான் சொல்லப்படும். பாரிஸில் அரிஸ்டீட் பூசிக்கோ 1852-ல் போன் மார்ஷே என்ற கடையில் பங்குதாரராகச் சேர்ந்தபின் இந்த வழக்கத்தை மாற்றினார். யாரும் உள்ளே வரலாம், தொட்டுப் பார்க்கலாம், எல்லோருக்கும் ஒரே விலை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். நியூயார்க்கில் ஏ.டி. ஸ்டூவர்ட், பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கர் போன்றவர்களும் இதே வழியில் பெரிய கடைகளை நடத்தினார்கள்.

விலைச்சீட்டு சாதாரண விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. நீ யார், யார் வீட்டுப் பிள்ளை என்று கடை கேட்காது. பணம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வாக்குறுதி பாதியிலேயே நின்றுவிட்டது. பல கடைகள் கறுப்பர்களின் பணத்தை வாங்கிக்கொண்டன, ஆனால் வாங்குமுன் போட்டுப் பார்க்க விடவில்லை. ஒரு கறுப்பினப் பெண் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் தலையில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். செருப்பு வாங்கக் குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி எடுத்துப் போன பெற்றோர்கள் பலர். வாங்கிய உடை அளவு சரியில்லை என்றாலும் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளாது. காரணம், ஒரு கறுப்பரின் உடம்பு பட்ட துணியை வெள்ளையர் வாங்க மாட்டார்களாம்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டலில் இடம் இல்லை என்றால் வெளியே நின்று சாப்பிடலாம். ஆனால் உன் உடம்பு பட்டாலே பொருள் கெட்டுவிடும் என்று சொல்வது வேறு வகை அவமானம். தீண்டாமை பற்றித் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அட்லாண்டாவின் பெரிய கடை

ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவில் ரிச்'ஸ் என்ற கடை மிகப் பிரபலம். கறுப்பர்களுக்கும் அங்கே கடன் கணக்கு இருந்தது. ஆனால் அதே கடையின் மேக்னோலியா ரூம் என்ற உணவகத்தில் அவர்கள் உட்கார முடியாது.

1960 அக்டோபர் 19 அன்று கல்லூரி மாணவர்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் அழைத்ததால் கிங்கும் உடன் வந்தார், கைதானார். மற்றவர்கள் விடுதலை ஆனபோதும், ஒரு பழைய போக்குவரத்து வழக்கைக் காரணம் காட்டி அவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். அப்போது அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் கென்னடி, கிங்கின் மனைவி கொரெட்டாவுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அவர் தம்பி ராபர்ட் நீதிபதியுடன் பேசினார். கிங் வெளியே வந்தார். அடுத்த மாதம் கென்னடி மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றபோது, கறுப்பர்களின் ஓட்டு அதற்கு உதவியது என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கடையில் தொடங்கிய விஷயம் வெள்ளை மாளிகை வரை போனது!

புத்தாடை இல்லாத ஈஸ்டர்

பர்மிங்ஹாமில் போராட்டம் தொடங்கியது 1963 ஏப்ரல் 3. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏப்ரல் 14 ஈஸ்டர். நமக்குத் தீபாவளி எப்படியோ அப்படி அங்கே ஈஸ்டருக்குப் புத்தாடை எடுப்பது வழக்கம். துணிக்கடைகளுக்கு அது பெரிய விற்பனைக் காலம். கறுப்பின மக்கள் அந்த வருடம் நகரக் கடைகளில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். புனித வெள்ளி அன்று கைதானபோது கிங் கோட்டு சூட்டில் இல்லை, ஜீன்ஸ் துணியில் தைத்த வேலைக்காரர் உடையில் இருந்தார். புது உடை வாங்கவில்லை என்பதைக் காட்டும் அடையாளம் அது.

வியாபாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்ததற்கு இந்தக் காலிக் கடைகளும் ஒரு முக்கியக் காரணம். உடன்பாட்டின் மற்றொரு அம்சத்தையும் கவனிக்க வேண்டும். கறுப்பர் ஒருவரையாவது விற்பனையாளராகவோ காசாளராகவோ நியமிப்பதாகக் கடைகள் ஒப்புக்கொண்டன. அதாவது கண்ணாடிக்கு முன்னால் மட்டுமல்ல, கவுண்டருக்குப் பின்னாலும் இடம்!

சட்டத்தில் விழுந்த ஓட்டை

1964 ஜூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் வந்தது. பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்று அதன் இரண்டாம் பகுதி சொல்கிறது. ஓட்டல், உணவகம், திரையரங்கு, விளையாட்டு அரங்கம் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. ஆனால் சாதாரணத் துணிக்கடை அந்தப் பட்டியலில் இல்லை!

சில மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள் கடைகளையும் சேர்த்துக்கொண்டன. மத்தியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட வேண்டுமென்றால், உள்நாட்டுப் போர் முடிந்தவுடன் 1866-ல் வந்த பழைய சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். வெள்ளையருக்கு உள்ள அதே ஒப்பந்த உரிமை எல்லோருக்கும் உண்டு என்பது அது. பொருள் வாங்குவதும் ஒப்பந்தம்தானே? ஆனால் இதில் ஒரு சிக்கல். விற்க மறுத்தால் வழக்கு நிற்கும். பின்னாலேயே தொடர்ந்து வந்து, சந்தேகமாகப் பார்த்து, கடைசியில் விற்றுவிட்டால்? விற்பனைதான் நடந்துவிட்டதே என்று பல நீதிமன்றங்கள் கைவிரித்தன.

1996-ல் கான்சாஸ் மாநிலத்தில் டில்லர்ட்'ஸ் கடையில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். குழந்தைத் துணி வாங்கிய ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இலவச செண்ட் கூப்பன் கிடைத்தது. அதைக் கொடுத்து செண்ட் வாங்க நின்றபோது கடைக் காவலர் அவர் பையை வாங்கிக் கவிழ்த்து, ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. 1997-ல் நடுவர் குழு அவருக்குச் சுமார் 11.5 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2001-ல் அதை உறுதி செய்தது. காரணம், கூப்பனும் ஒப்பந்தத்தின் பகுதி, அது தடைபட்டது என்பதே. அவரோடு வந்த உறவினர் எதையும் வாங்க முயலவில்லை என்பதால் அவருடைய கோரிக்கை தள்ளுபடியானது. அவமானம் இருவருக்கும்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது கூப்பன் மட்டும்!

மணி அடித்தும் திறக்காத கதவு

இதெல்லாம் தென் மாநிலங்களின் குணம், வடக்கு வேறு என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் ஹார்லெமில் புளூம்ஸ்டைன்'ஸ் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஆனால் விற்பனைப் பெண்கள் வெள்ளையர் மட்டுமே. 1934-ல் கடை வாசலில் மறியல் நடந்த பிறகுதான் அது மாறியது.

1980-களில் அதே நியூயார்க்கில் புது முறை வந்தது. கடைக் கதவு பூட்டியே இருக்கும். மணி அடித்தால், உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். திருட்டைத் தடுக்கத்தான் இது என்றார்கள். 1986-ல் சட்டப் பேராசிரியர் பாட்ரிசியா வில்லியம்ஸ், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்க ஒரு பெனட்டன் கடையில் மணி அடித்தார். கிறிஸ்துமஸ் காலம், சனிக்கிழமை மதியம் ஒரு மணி. உள்ளே வெள்ளையர் சிலர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை மூடியாகிவிட்டது என்று விற்பனையாளர் கண்ணாடி வழியே வாயசைத்தார்.

வில்லியம்ஸ் இதை ஒரு சட்ட இதழுக்கு எழுதினார். ஆசிரியர் குழு முதலில் கோபத்தை வெட்டியது. பிறகு கடையின் பெயரை வெட்டியது. கடைசியில் அவர் கறுப்பர் என்பதையே வெட்டியது! அதை எடுத்துவிட்டால், ஒரு பெண் மூடிய கடைக்குப் போனார் என்பதுதான் மிச்சம். 1991-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதையும் சேர்த்தே அவர் எழுதினார்.

பணம் இருந்தும்

2013-ல் மன்ஹாட்டனில் பார்னீஸ் என்ற ஆடம்பரக் கடையில் ஒரு கறுப்பினக் கல்லூரி மாணவர் 350 டாலருக்கு பெல்ட் வாங்கினார். வெளியே வந்ததும் போலீசார் பிடித்து, இவ்வளவு பணம் உனக்கு எப்படி வந்தது என்று விசாரித்ததாக வழக்குப் போட்டார். தங்கள் ஊழியர்களுக்கு இதில் பங்கில்லை என்றது கடை. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணைக்குப் பிறகு, 2014-ல் 5,25,000 டாலர் செலுத்த பார்னீஸ் ஒப்புக்கொண்டது. அதே மாதம் மேசி'ஸ் 6,50,000 டாலர். பார்னீஸ் 2019-ல் திவாலாகி, 2020-ல் கடைகளை மூடியது.

பூசிக்கோவின் கடை, பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. மன்ஹாட்டனில் பணம் இருந்தது, அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

பர்மிங்ஹாம் உடன்பாட்டை எழுதியவர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பொருளை விற்பது மட்டும் மரியாதை ஆகாது. ஒரு மனிதர் சட்டையை எடுத்து, நிதானமாகக் கண்ணாடி முன் நின்று, பிடிக்கவில்லை என்று திருப்பி மாட்டிவிட்டு, எதையும் வாங்காமல் போகலாம். அப்போதும் யாரும் அவரைப் பின்தொடரக் கூடாது. அவர்கள் கேட்டது அதைத்தான். அதனால்தான் ட்ரையல் ரூமை முதல் வரியில் வைத்தார்கள்.