கல்பாத்தித் தெருவும் கடல் கடந்து வந்த ஊழியமும்

'காசியில் பாதி கல்பாத்தி' என்பது பாலக்காட்டுத் தமிழர் வழக்கு. 1425ஆம் ஆண்டில் எழுந்ததாகச் சொல்லப்படும் விசுவநாத சுவாமி கோயில், அதனருகே ஓடும் ஆறு, அக்கிரகாரத் தெருக்கள், ஐப்பசி இறுதியின் தேரோட்டம் ஆகியவற்றைக் கொண்டே கல்பாத்தியின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதே பாலக்காட்டில் 1858இல் பாசல் மிஷன் தன் நிலையத்தைத் தொடங்கியது. இவ்விரு வரலாறுகளையும் இணைத்து வாசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஓர் ஊரில் சிலர் ஒன்றாக அமர்ந்து வழிபடத் தொடங்குவது, அவ்வூரின் தெருவில் எதை மாற்றுகிறது?

பாசல் மிஷன் 1815இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தோன்றியது. அதன் ஊழியர்களில் பலர் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியைச் சேர்ந்த கைவினைஞர், உழவர் குடும்பத்தினர். பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகளும் இந்தியாவில் பணியாற்ற 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் வழிவிட்டது. மறு ஆண்டே அவர்கள் மங்களூரில் பணியைத் தொடங்கினர். தலச்சேரி, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய ஊர்களுக்குப் பின்னரே பாலக்காட்டை அடைந்தனர். மலையாள இலக்கணமும் அகராதியும் தந்த ஹெர்மன் குண்டர்ட் இம்மிஷனைச் சேர்ந்தவர். 1836இல் இந்தியா வந்த அவர், மலையாளத்துக்கு முன்பே திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்த காலத்தில் தமிழைக் கற்றார் என்பது மொழியியல் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

பாசல் மிஷனார் சாதி விஷயத்தில் கண்டிப்பானவர்கள். இதன் பொருளை உணரத் தஞ்சாவூரை நினைத்துப் பார்க்கலாம். அங்கே பழைய லுத்தரன் சபையில் சாதிவாரி இருக்கைகள் நெடுங்காலம் நீடித்தன. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என ஆணையிட்டபோது வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்வது அக்காலத்தில் வெறும் சடங்காக இருக்கவில்லை. உறவையும் பிழைப்பையும் இழக்கத் துணிந்தவர்களே அதைச் செய்ய முடிந்தது.

இழந்த பிழைப்புக்கு மாற்றுத் தேடியபோது ஊழியம் தொழிலாக விரிந்தது. நெசவுத் தறிகள் வந்தன. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை எழுந்தது. மலபார் முழுவதும் இத்தொழில்கள் பரவின. ஆயினும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சிக்கல் இருந்தது. ஞாயிறன்று பிரசங்கம் செய்த மிஷனே திங்களன்று கூலி கொடுக்கும் முதலாளியாகவும் இருந்தது. சகோதரன் என அழைக்கப்பட்டவன் அதே நேரத்தில் கீழ்ப்பட்ட தொழிலாளியாகவும் இருந்தான்.

முதல் உலகப்போர் இவ்வுறவைத் திடீரெனத் துண்டித்தது. ஜெர்மன் மிஷனரிகள் பகை நாட்டினராகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் வசம் சென்றன. வழிபாடோ நிற்கவில்லை. 1919இல் மலபார் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் பகுதியாயின. வந்தவர்கள் போன பின்னும் உள்ளூர் மக்கள் சபையைத் தமதாக்கிக் கொண்டனர்.

தெருவின் கதை இதற்குப் பின் வருகிறது. 1924இல் வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச் சாலைகள் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என அரசு அறிவித்தது. அதை நம்பி அவ்வாண்டு நவம்பர்த் தேரோட்டத்தின்போது கல்பாத்தித் தெருவில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். அரசு பாதுகாப்புத் தருவதற்கு மாறாகத் தடையுத்தரவு போட்டது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கும் தெருவில் இந்துவான ஈழவர் நடக்கக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர், சிலர் கிறிஸ்தவராயினர்.

மதம் மாறினால் ஒருவருக்குத் தெரு திறக்கலாம். அவர் தம்பிக்கு அது மூடியே இருக்கும். மிஷன் பாலக்காட்டில் வந்து அறுபத்தாறு ஆண்டுகள் கடந்த பின்னும் நிலை இதுதான். இன்னொரு முரணும் உண்டு. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் தயக்கமின்றிப் படித்தனர். பிற்காலத்தில் தேர்தல் ஆணையராகப் புகழ்பெற்ற டி.என். சேஷன் பாலக்காட்டு பி.ஈ.எம். பள்ளியின் மாணவரே. பள்ளியின் கதவு இரு பக்கத்தாருக்கும் திறந்திருந்தது. தெரு ஒரு பக்கத்தாருக்கே உரியதாக இருந்தது.

மிஷன் வரலாற்றை வெறும் தொண்டாகவோ வெறும் சூழ்ச்சியாகவோ எழுதுவது எளிது. பாலக்காடு அவ்விரண்டுக்கும் இடம் தரவில்லை. ஆலயத்துக்குள் ஒன்றாக அமர முடியும் என்பதைக் கடல் கடந்து வந்தவர்கள் நடத்திக் காட்டினர். அந்தச் சமத்துவம் ஆலயத்தின் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வர, பெயரையும் மதத்தையும் மாற்றாமலேயே நடந்து பார்த்து அடிபட்டவர்கள் தேவைப்பட்டனர். ஊழியத்தின் வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் இயல் எழுதப்பட வேண்டும்.